கொட்டகைக்குள் போகாத ஆடுகள்

நான்கைந்து வருடங்களுக்கு முன்பு ஒரு ஐப்பசி மாதம். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில் இருக்கும் ஒரு பேரூராட்சியில் துப்புரவு ஆய்வாளராக வேலை பார்த்தேன். சாக்கடை அடைப்பு, கொசு மருந்து, கறிக்கடை லைசென்ஸ், ஊருக்குள் ஆடு மாடு வளர்க்க அனுமதி என்று எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும்.

ஒரு நாள் காலையில் டீக்கடைக்காரர் ஒருவர் தன் தெருக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். அவர் கடைக்குப் பின்வீட்டில் ஒரு பெண் ஆடு வளர்க்கிறார். புதிதாகக் கொட்டகை போட்டு, அனுமதியும் கேட்டிருந்தார். அந்தக் கொட்டகையில் குட்டிகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன, தொற்றுநோயாக இருக்கும், அனுமதி கொடுக்காதீர்கள் என்பதுதான் புகார்.

"கால்நடை டாக்டர் பாத்தாராங்க?" என்று கேட்டேன்.

"பாத்தாரு மேடம். நோய் ஒண்ணும் இல்லன்னுட்டாரு" என்றார். சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. கூட வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் துப்புரவு மேஸ்திரியை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். ஒரு வாரமாக விடாத மழை. அன்று தூறல்தான், ஆனால் வானம் கறுத்துக் கிடந்தது. டீக்கடைச் சந்துக்குள் திரும்பியதுமே என் கால் நின்றுவிட்டது.

ஆடுகளுக்கு மழை ஆகாது. ரெண்டு சொட்டு விழுந்தாலே ஒதுங்க இடம் தேடி ஓடும். இங்கே ஏழெட்டு ஆடுகள் வாசலில் தூறலில் தொப்பலாக நனைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. கொட்டகை திறந்துதான் கிடந்தது. ஒன்றும் உள்ளே போகவில்லை. மேயவில்லை, அசை போடவில்லை. எல்லாம் தலையைத் தூக்கி அந்தக் கொட்டகை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தன.

அந்த வீட்டுப் பெண்ணுக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தார். கணவர் சிமென்ட் லாரி ஓட்டுகிறவர், வெளியூர் போயிருந்தார். திண்ணைக் கொடியில் ஒரு சின்னக் குழந்தையின் சட்டைகள் தொங்கின.

"நோய் இல்ல மேடம். நீங்களே வந்து பாருங்க" என்று கூட்டிப்போனார்.

கொட்டகை பள்ளத்தில் இருந்தது, படி இறங்கிப் போக வேண்டும். மூன்று பக்கம் சுவர், மேலே சிமென்ட் ஷீட். சாரலுக்காக நாலாவது பக்கமும் பாதிக்கு மேல் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். சாம்பிராணி வாசனை அடித்தது. உள்ளே கால் வைத்ததும் ஏதோ ஒன்று குறைகிறதே என்று தோன்றியது, ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. ஈ இல்லை. தரையெல்லாம் ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் கிடக்கிறது, ஒரு ஈகூட மொய்க்கவில்லை. குனிந்து பார்த்தேன். ஈக்கள் இருந்தன. சுவரோரமாகச் செத்து, கறுப்பு எள்ளைக் கொட்டியதுபோல் கிடந்தன.

பின்னாலேயே வந்த டீக்கடைக்காரர் உள்ளே இறங்காமல் படியிலேயே நின்றார்.

"மேடம், ஆபீசுல சொல்ல வாய் வரல. இந்த எடத்துல முன்ன ஒரு கெணறு இருந்துச்சுங்க. ஒரு பொண்ணு அதுல விழுந்து செத்துப் போச்சு. அப்புறம்தான் தூத்து மூடினாங்க. இவங்க வேத்தூரு, எடத்த வாங்கறப்ப யாரும் சொல்லல."

வீட்டுக்காரப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் அவர் ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை.

"நானும் ஏதோ இருக்குன்னுதான் வெளக்கு வச்சேன் மேடம். நிக்க மாட்டேங்குது. காத்தே இல்ல, யாரோ ஊதி விடுற மாதிரி அணஞ்சுடுது. பாருங்க."

மாடத்திலிருந்து அகல் விளக்கை எடுத்து ஏற்றினார். கையில் இருக்கும்போது சுடர் அசையாமல் எரிந்தது. தரையில் வைக்கக் குனிந்தார். முழங்கால் உயரத்துக்குக் கீழே போனதும் சுடர் திரியை விட்டு எம்பியது, அப்படியே அணைந்துபோனது. அதிலிருந்து வந்த புகை மேலே போகவில்லை. எங்கள் முழங்கால் மட்டத்தில், வெள்ளை வேட்டியை விரித்ததுபோல் தட்டையாகப் படர்ந்து நின்றது.

"மேடம், வெளிய வந்துருங்க" என்றார் மேஸ்திரி. எனக்குப் பேய் என்று நம்ப மனமில்லை. சுவர் விரிசலில் ஏதாவது காற்று வருகிறதா என்று பார்க்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தது மட்டும்தான் தெளிவாக நினைவிருக்கிறது. நெஞ்சு பட்பட்டென்று அடித்தது. மூச்சை இழுக்கிறேன், இழுத்தது போதவில்லை. தோளில் யாரோ இரண்டு கையையும் வைத்துக் கீழே அழுத்துவதுபோல் இருந்தது. காதுக்குள் ஒரு இரைச்சல். அந்த இரைச்சலுக்கு நடுவே எங்கோ பக்கத்தில், "அம்மா" என்று ஒரு சின்னக் குரல்.

மேஸ்திரி என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். நின்றதும் மூச்சு வந்தது. அந்த நொடியில்தான் எங்கள் பக்கம் கிணற்றில் இறங்குகிறவர்கள் முதலில் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது நினைவுக்கு வந்தது. விளக்கு அணைந்தால் மனிதன் இறங்கக் கூடாது. இங்கே கிணறு எங்கள் காலடியில் இருந்தது.

"உங்க குழந்தை எங்க?" என்று கத்தினேன்.

"பாப்பாவா? ரூம்ல தூங்குறா மேடம். ஒரு வாரமா தூங்கிக்கிட்டேதான் இருக்கா. எனக்கும் தலவலி போகவே மாட்டேங்குது."

"எங்க படுக்க வச்சிருக்கீங்க?"

"கட்டில்ல போட்டா உருண்டு விழுந்துடுவான்னு கீழ பாயில."

அந்த அறையும் அதே பள்ளத்தில், கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. சுவரின் அடியில், கழுவிவிடும் தண்ணீர் போவதற்கு ஒரு துவாரம் இருந்தது. நாங்கள் ஓடினோம். குழந்தை பாயில் மல்லாந்து கிடந்தது. இரண்டு வயதுப் பெண். உதடு நீலம் பாரித்திருந்தது. தூக்கினால் தலை தொங்கியது. அந்தத் தாய் போட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது. குழந்தையை வாங்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினேன். தூறல் முகத்தில் விழ விழ, முதுகைத் தேய்த்தோம், உள்ளங்காலைத் தட்டினோம். டீக்கடைக்காரர் ஆம்புலன்சுக்குப் போன் போட்டுக்கொண்டே அழுதார். ஒரு பெருமூச்சு வந்தது. அப்புறம் ஒரு இருமல். அப்புறம் குழந்தை வீறிட்டு அழுதது. என் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான அழுகையைக் கேட்டதில்லை.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் ரெண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். தீயணைப்பு வீரர்கள் வந்து கொட்டகைத் தரையை உடைத்தபோது, ஒரு பலகைக்கல்லுக்கு அடியில் கிணறு பாதி காலியாகவே இருந்தது. அந்தக் காலத்தில் குப்பையைப் போட்டு அரைகுறையாக மூடியிருக்கிறார்கள். அடைமழையில் ஊற்றுத் தண்ணீர் உள்ளே ஏற ஏற, மக்கிய குப்பையின் கெட்ட காற்று சுண்ணாம்புக்கல் வெடிப்பு வழியாக மேலே வந்திருக்கிறது. கனத்த காற்று என்பதால், தண்ணீர்போல் பள்ளத்தில் தேங்கி நின்றிருக்கிறது. உயரம் குறைந்த குட்டிகள் முதலில் செத்தது அதனால்தான்.

கிணற்றை ஜல்லி கொட்டி முழுசாக மூடினோம். அந்த அறையில் அதன் பிறகு யாரும் படுக்கவில்லை. கொட்டகைக்கு மேடான இடம் வேண்டுமே என்று பார்த்தபோது, டீக்கடைக்காரரே தன் கடையை ஒட்டிய காலி இடத்தைக் கொடுத்தார். ஆடுகளுக்கு அனுமதியும் கொடுத்தேன். புது இடத்தில் முதல் தூறலுக்கே அவை முண்டியடித்துக்கொண்டு உள்ளே ஓடியதாகக் கேள்விப்பட்டேன்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. "அம்மா" என்று கூப்பிட்டது யார்? மேஸ்திரியைக் கேட்டேன், டீக்கடைக்காரரைக் கேட்டேன். அவர்கள் காதில் எதுவும் விழவில்லை. நாங்கள் கண்டபோது அந்தக் குழந்தை வாய் திறக்கிற நிலையில் இல்லை. ஆடு கத்தியிருக்கலாம். மூச்சு முட்டியதில் என் காதே ஏமாற்றியிருக்கலாம். இதற்கு மேல் அதை நான் கிளறுவதில்லை.

அன்று நாங்கள் நாலு பேர் நின்றபடி நன்றாக மூச்சுவிட்டு, பேயைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் முழங்கால் உயரத்துக்குக் கீழே ஒரு குழந்தை சத்தமில்லாமல் மூழ்கிக்கொண்டிருந்தது. அதனாலேயே எந்த வீட்டுக்கு ஆய்வுக்குப் போனாலும், அங்கே இருக்கும் சின்னக் குழந்தை எங்கே படுத்துத் தூங்குகிறது என்று பார்க்காமல் நான் திரும்புவதில்லை.