சித்தியின் படிப்பும் என் மொட்டையும்

என் சித்தி சென்னையில் ஆக்குபேஷனல் தெரபி படித்தாள். அந்தப் பெயரை எங்கள் தெருவில் யாரும் முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. நர்ஸ் படிப்பு என்றார்கள் சிலர். கைகால் வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற படிப்பு என்றார்கள் சிலர். எனக்கு அப்போது ஒன்பது வயது. என்னைக் கேட்டிருந்தால், வீட்டிலிருக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒன்றோடு மட்டும் நாள் முழுக்க விளையாடுவதற்கான படிப்பு என்று சொல்லியிருப்பேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

அந்த ஒரு பிள்ளை என் தம்பி. ஐந்து வயது. அவனை யாரும் லேசில் தொட்டுவிட முடியாது. தலையில் எண்ணெய் வைத்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துவான். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விடுவான். அவன் தூங்கும்போதுதான் அம்மா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி முடி வெட்டுவாள். பாதியில் புரண்டு படுத்துவிட்டால் மறுபக்கம் மறுநாளைக்குத்தான்.

எங்கள் குடும்பத்தில் பிள்ளைகளுக்கு முதல் மொட்டை சாஸ்தா கோவிலில்தான். அம்பாசமுத்திரம் பக்கம், ஆற்றை ஒட்டி மருதமரங்களுக்கு நடுவே இருக்கிறது. பங்குனி உத்திரத்தன்று தாய்மாமா மடியில் உட்கார்த்தி முடி எடுப்பார்கள். எனக்கு அது ஒரு வயதிலேயே முடிந்துவிட்டது. நான் அழவே இல்லையாம். அழாததால்தானோ என்னவோ, அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. தம்பி விஷயம் அப்படியில்லை. ஒவ்வொரு உத்திரத்துக்கும் வேன் பிடித்துப் போவோம். நாலு ஆண்கள் அவன் கையையும் காலையும் பிடிப்பார்கள். அவன் அழுது அழுது மூச்சு முட்டி உதடு நீலம் பாரித்துப் போனதும் எல்லோரும் பயந்து விட்டுவிடுவார்கள். கொண்டுபோன முடியோடு அப்படியே திரும்பி வருவோம். சொந்தக்காரர்கள் விசாரிப்பதெல்லாம் அம்மாவிடம்தான். "இந்த வருசமும் எடுக்கலையாட்டி?" என்று கேட்பார்கள். அம்மா கல்யாண வீடுகளுக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள்.

கடைசி வருடப் பரீட்சை முடிந்து, ஆஸ்பத்திரிப் பயிற்சி தொடங்குவதற்கு முன்னால் கிடைத்த விடுமுறையில் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றே அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

"இந்த உத்திரத்துக்கு அவனே போயி உக்காருவான்க்கா. ஒருத்தரும் பிடிக்க வேண்டாம்."

மாமா அங்கேதான் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன் படிப்ப நீ பாரு. அவன் உக்காரலன்னா நான் பிடிச்சி உக்கார வச்சிருவேன். அப்பம் ஒண்ணும் சொல்லக்கூடாது."

மறுநாளிலிருந்து எங்கள் வீடு வீடாக இல்லை. தம்பியின் தொட்டில் தொங்கிய கொக்கியில் அம்மாவின் பருத்திச் சேலையைக் கட்டி ஊஞ்சலாக்கினாள் சித்தி. அவனை ஜமுக்காளத்தில் வைத்து இறுக்கமாகச் சுருட்டுவாள். அவன் தோசைக்குள் இருக்கும் மசாலாவாம். மேலே தலையணையை வைத்து அழுத்தினால் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வரும். ஒரு அண்டா நிறைய அரிசியைக் கொட்டி, அதற்குள் கோலிக்காய்களைப் புதைத்துத் தேடச் சொல்வாள். சாயங்காலம் ஆற்றங்கரைக்கு, குறுக்குத்துறைக்குக் கூட்டிப்போய் ஈரமணலைப் பையில் அள்ளிச் சுமந்து நடக்க வைப்பாள். லேசாகத் தொட்டால்தான் அவனுக்குக் கூசுகிறது, நன்றாக அழுத்திப் பிடித்தால் அவனுக்குப் பிடிக்கும் என்று அம்மாவுக்கு விளக்கினாள். அவன் உடம்பு வெளியிலிருந்து வருவதையெல்லாம் அதிகமாக வாங்கிக்கொள்கிறதாம். அரிசியில் நான் கை விட்டால் அடி விழும். அவன் அண்டாவுக்குள்ளேயே உட்கார்ந்தால் அதற்குப் பெயர் பயிற்சி.

வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன். அதற்கு முன்பு சித்தி லீவில் வந்தால் என் பக்கத்தில்தான் படுப்பாள். ஹாஸ்டல் கதையெல்லாம் எனக்குத்தான் சொல்வாள். இப்போது ஊஞ்சல் காலியாக இருக்கிறதே என்று ஏறினால், "எறங்குட்டி, அது வெளயாட்டு இல்ல, அவனுக்கு வைத்தியம்" என்கிறாள். கணக்கில் முழு மதிப்பெண் வாங்கிய பேப்பரைக் காட்டினேன். நல்லாருக்கு, அங்கன வை என்றார்கள். அதே நேரம் தம்பி இட்லி மாவில் ஒரு விரலை விட்டான். வீடே கைதட்டியது. நான் தினமும் மாவில் விரலை விட்டு வசவு வாங்குகிறவள்.

எனக்கும் உடம்பில் ஏதாவது கூசினால் சரியாகிவிடும் என்று ஒரு யோசனை வந்தது. பள்ளிக்கூடச் சட்டைக் காலரில் இருக்கும் துணிப்பட்டி கழுத்தை அறுக்கிறது, தாங்கவே முடியவில்லை என்று சித்தியிடம் போய் நின்றேன். ஜமுக்காளத்தை விரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சித்தி கத்தரிக்கோலை எடுத்து அந்தப் பட்டியை வெட்டிப் போட்டாள். "சரியாப் போச்சா?" என்று கேட்டுவிட்டுத் தம்பியிடம் போய்விட்டாள். என் வைத்தியம் அவ்வளவுதான்.

உத்திரம் நெருங்க நெருங்க மொட்டைக்கான ஒத்திகை நடந்தது. சித்தி இரண்டு உள்ளங்கைகளையும் அவன் தலைமேல் வைத்துப் பைய அழுத்துவாள். சின்னச் செம்பை அவனிடமே கொடுத்துத் தலையில் ஊற்றிக்கொள்ளச் சொல்வாள். பிறகு ஒரு ஐஸ் குச்சியால் நெற்றியிலிருந்து பின்னால் இழுப்பாள். முதலில் அலறினான். அப்புறம் முகத்தைச் சுளித்தான். உத்திரத்துக்கு முந்தின வாரம் குச்சியை அவனே எடுத்துக் கொடுத்தான். அம்மா அடுக்களைக்குள் போய் மூக்கைச் சிந்தினாள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன்.

கோவிலில் நல்ல கூட்டம். அப்பா பொங்கல் அடுப்புக்குக் கல் தேடிக்கொண்டிருந்தார். முடியெடுப்பவர் மரத்தடியில் பலகை போட்டிருந்தார். எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு என்று மாமா சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தார். சித்தி கையைப் பிடித்துக் கூட்டிவர, தம்பி சமர்த்தாகத்தான் நடந்தான். பலகைக்குப் பத்தடி இருக்கும்போது வேறொரு குழந்தை கத்தியைப் பார்த்து வீறிட்டது. அவ்வளவுதான். காதைப் பொத்திக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். "போதும். பிடிச்சிருவோம்."

"வேண்டாம்ணே. அவனா வரட்டும்."

"எத்தன வருசமா அவனா வாரான்?"

சித்தி தம்பிக்கு முன்னால் மறித்து நின்றாள். சுற்றிலும் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். எல்லோரும் அவனைச் சுற்றிக் குனிந்து நின்றதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள்தான். புதுப் பாவாடை கட்டி ஒருத்தி நிற்கிறாளே என்று ஒரு முதுகாவது திரும்பவில்லை.

"அடுத்த பிள்ள வாங்க" என்றார் முடியெடுப்பவர். நான் போய்ப் பலகையில் உட்கார்ந்தேன்.

"அண்ணாச்சி சொன்ன பிள்ள நீதானா?"

"ஆமா" என்றேன்.

எனக்கு இடுப்பு வரை முடி. வருகிற மாதம் பள்ளி ஆண்டுவிழாவில் நடனம் வேறு. அவர் இதையெல்லாம் கேட்கவில்லை. இரட்டைச் சடை ஏற்கெனவே பிரிந்து கிடந்ததால் அவருக்கு வேலை மிச்சம். நடு உச்சியில் தண்ணீரைத் தடவினார். கத்தி வைத்தார். குளிர்ச்சியாக ஒரு கோடு ஓடியது.

"ஏட்டி!" என்று அம்மா போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த குரங்குகள் ஓடின. எல்லா முதுகுகளும் திரும்பின. அடுப்படியிலிருந்து ஓடிவந்த அப்பா என்னைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். "சாஸ்தா சந்நிதில பாதில நிப்பாட்டக் கூடாது. எடுங்க" என்றார். அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கத்தி எரிந்தது. பரவாயில்லை, எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பக்கம் முடிந்தபோது தம்பி கூட்டத்திலிருந்து எழுந்து வந்தான். காதிலிருந்து கையை எடுத்துவிட்டான். என் எதிரில் நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் என் மொட்டைமேல் வைத்து, சித்தி அவனுக்குச் செய்வதுபோல நன்றாக அழுத்தினான். கனமாக இருந்தது. இங்கேயும் வந்துவிட்டானா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

எனக்கு முழுதாக முடிந்ததும் அவன் மாமா மடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் மடியில் உட்கார்ந்தான். செம்பைக் கேட்டு வாங்கித் தானே தண்ணீர் ஊற்றிக்கொண்டான். பிடரியில் கத்தி பட்டபோது அழுது எழுந்து ஓடினான், திரும்பி வந்தான், மறுபடி ஓடினான், மறுபடி வந்தான். ஒரு வழியாக எடுத்து முடித்தபோது அங்கங்கே திட்டுத் திட்டாக முடி நின்றது. யாரும் அவனைப் பிடிக்கவில்லை. தம்பிக்காக முடியையே கொடுத்தவள் என்று அத்தைமார் என் கன்னத்தைக் கிள்ளினார்கள். நான் மறுக்கவில்லை.

சித்தி மட்டும் கிட்டே வரவில்லை. மருதமரத்தில் சாய்ந்துகொண்டு, வாயைப் பொத்தியபடி தேம்பித் தேம்பி அழுதாள். தம்பி என் தலையில் கைவைத்தபோது தொடங்கிய அழுகை அது. அவனாகக் கை நீட்டி ஒரு ஆளைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அம்மாவைக்கூட அவன் அதுவரை அப்படித் தொட்டதில்லை. அவனுக்கு யார் யார் என்னென்ன கொடுத்தார்கள் என்று ஒன்றுவிடாமல் கணக்கு வைத்திருந்த எனக்கு அது தெரியாது. சித்தி என் முடிக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வேன் ஊர் வந்து சேரும்வரை அந்தச் சந்தோஷத்தில் நான் தம்பியிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.