அருளப்பன் அண்ணன் விட்ட அறை

“அருளப்பண்ணன் போயிட்டாக” என்று ஜீப் ஸ்டாண்டிலிருந்து போன் வந்தபோது, “யாரோட சண்டை?” என்றுதான் கேட்டேன். மாரடைப்பாம். அவரை அறிந்த நீங்களும் அப்படித்தான் கேட்டிருப்பீர்கள்.

ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுநர்களில் அவர் கை படாத கன்னம் குறைவு. ஒருமுறை, டீசல் வண்டி குலுக்குகிறது என்று கேலி செய்த கார்க்காரரின் சட்டையைப் பிடித்துத் தூக்கினார். “பெட்ரோலுக்கு பிளக்கு பொறி வைக்கணும்லே. டீசலுக்குப் பொறியே வேணாம். காத்த அமுக்கு அமுக்குன்னு அமுக்குனா அந்தச் சூட்டுலயே பத்தும். நானும் அப்படித்தான், அமுக்கிப் பாக்குறியா?” கார்க்காரர் பார்க்கவில்லை.

எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அது அன்று ஏறவில்லை. மொபட் ஓட்டிவிட்டுப் பழைய டீசல் ஜீப் வாங்கியவன் நான்.

பிரசவ வலி எடுத்த மகளைப் பின்சீட்டில் படுக்கவைத்துக் கம்பம்மெட்டு மலை இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். திடீரென எஞ்சின் அலறியது. நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தினேன். அலறல் இன்னும் ஏறியது. வெண்புகை சூழ, பானட் தடதடவென அடித்தது. மகளால் எழ முடியவில்லை. என் மனைவியால் அவளைத் தூக்க முடியவில்லை.

பின்னால் வந்த அண்ணன் குதித்து ஓடிவந்தார். “சாவியை எடுத்துட்டேண்ணே!” என்று பரிசு வாங்கியவன்போல் உயர்த்திக் காட்டினேன். விழுந்தது அறை.

“சாவி எதுக்குலே? பிஸ்டன் ரிங்கு தேஞ்சு எஞ்சின் தன் ஆயிலையே குடிச்சு ஓடுது! வெடிச்சா புள்ள செத்துரும். மூச்ச அடைக்கணும்!”

பானட்டைத் திறந்து காற்று வடிகட்டியைப் பிய்த்தெறிந்தார். தன் சட்டையைச் சுருட்டி, எஞ்சின் காற்றிழுக்கும் குழாய் வாயில் அழுத்தினார். எஞ்சின் அதைக் கிழித்து விழுங்கியது. ஓடிப்போய்த் தன் தூக்குவாளி மூடியைக் கொண்டுவந்து அறைந்து அழுத்தினார். உறிஞ்சிய வேகத்தில் விரல் நசுங்கி ரத்தம் தெறித்தது. கையை எடுக்கவில்லை. வண்டி முழுதும் உதறி, இருமி, அடங்கியது. மகள் கத்திக்கொண்டிருந்தது அப்போதுதான் காதில் விழுந்தது.

வெற்றுடம்போடு, ஸ்டியரிங் எல்லாம் ரத்தமாக, அவர்தான் தன் ஜீப்பில் எங்களைக் கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்த்தார். பேத்தி பிறந்ததும் கும்பிட்டேன். “கும்புடாத. ரிங்க மாத்து. இல்ல, மறுபடி அடிப்பேன்” என்றார்.

மாற்றினேன். இன்றும் ஆயில் பார்க்காமல் வண்டியை எடுப்பதில்லை. பேத்தி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தால் போதும், என் இடது கன்னம் எரியும். அண்ணன் எனக்கென்று விட்டுப்போனது அந்த எரிச்சல்தான். அது ஆறாமல் இருக்கட்டும்.