தாழ்ப்பாளுக்குப் பயந்தவர்

எங்கள் பெரியப்பா குளிப்பது மாடிப்படி வரைக்கும் கேட்கும். பாட்டெல்லாம் பாடமாட்டார். தலையில் முதல் மக் தண்ணீர் விழும்போது, "தரைத்தளம்! பதிவு, மருந்து!" என்று குரல் கொடுப்பார். "முதல் மாடி! கண், காது, மூக்கு!" என்றால் சோப்பு போடுகிறார் என்று அர்த்தம். "நாலாவது மாடி! ஆபரேஷன்!" என்று வருவதற்குள் பெரியம்மா காபிக்குப் பாலை அடுப்பில் வைத்துவிடுவாள். வாழ்நாள் முழுக்க ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டியவர். ஓய்வு பெற்றும் வாய் ஓய்வு பெறவில்லை என்று நாங்கள் சிரிப்போம். எதிர்வீட்டில் இருக்கும் எனக்குக் காலையில் அதுதான் அலாரம்.

குரல் கொடுப்பதற்குக் காரணம், அவர் தாழ்ப்பாள் போடமாட்டார். கதவைப் பாதி திறந்து வைத்து, அது ஆடாமல் இருக்க ஒரு வாளியை முட்டுக் கொடுத்துவிட்டுக் குளிப்பார். உள்ளே ஆள் இருக்கிறது என்று தெரியத்தான் அந்த மாடிகள். வீட்டின் நடுவயிற்றில் இருக்கும் குளியலறை அது. நாலு பக்கமும் சுவர், ஒரு ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் பட்டப்பகலிலும் உள்ளங்கை தெரியாது.

"நாளெல்லாம் இரும்புப் பெட்டிக்குள்ள நின்ன மனுஷன், நாலு சுவரைப் பாத்தா நடுங்கறார்" என்பாள் பெரியம்மா.

"அங்க கைப்பிடி என் கையில இருந்துச்சு" என்பார் அவர்.

எங்களுக்கெல்லாம் சின்ன வயதிலேயே வாய்ப்பாடு மாதிரி அவர் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. லிஃப்டில் மாட்டிக்கொண்டால் கத்தக்கூடாது. மூச்சை வீணாக்காமல் அமைதியாக இருக்கவேண்டும், லிஃப்ட்காரர் வந்து எடுத்துவிடுவார். பெரியம்மாவுக்கும் அது மனப்பாடம்.

இந்தக் குளியலறையைத்தான் மாற்றியே தீருவேன் என்று பெரியம்மா ஒற்றைக்காலில் நின்றாள். கறை பிடித்த சுவரும் ஆடும் குழாயும் அவளுக்கு வெறுத்துப் போயிருந்தன. என் செல்போனில் படம் படமாகக் காட்டித் தூபம் போட்டவள் நான்தான். மேஸ்திரி வந்து அளந்து பார்த்தார்.

"ஜன்னல் ஒண்ணு வைக்க முடியுமா?" என்று கேட்டார் பெரியப்பா.

"எந்தப் பக்கம் இடிச்சாலும் அடுத்தவங்க வீடு சார். ஃபேன் போட்டுடலாம், காத்தை இழுத்து வெளிய தள்ளிடும்."

"கரண்ட் போச்சுன்னா?"

"வந்ததும் ஓடும் சார்."

பெரியப்பா அவரைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, மேஸ்திரி வேலைக்காரர். தரைக்கும் சுவருக்கும் ஒரே கிரீம் நிறத்தில் பெரிய பெரிய டைல்ஸ், கோடே கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டினார். வாஷ்பேசினைச் சுவரில் தொங்கவிட்டு, அதன் மேல் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்தார். கண்ணாடிக்குப் பின்னால் மறைவிளக்கு. உள்ளே திறக்கும் பழைய தகரக் கதவு பாதி இடத்தைத் தின்கிறது என்று அதைக் கழற்றிவிட்டு, மேலே தண்டவாளத்தில் தொங்கி ஓடும் தள்ளுகதவைப் போட்டார். ஈரம் வெளியே கசியாமல் சுற்றிலும் ரப்பர். பளபளவென்று கொக்கித் தாழ்ப்பாள். தீப்பெட்டி மாதிரி இருந்த குளியலறை ஓட்டல் அறை மாதிரி ஆகிவிட்டது.

பெரியப்பா எட்டிப் பார்த்தார். கண்ணாடியில் அவரும் பெரியம்மாவும் நானும் நின்றோம்.

"உள்ள எதுக்கு இத்தனை பேரு?" என்றார். மறுநாள் தள்ளுகதவுக்கு நடுவில் ஒரு கட்டையைச் செருகி வைத்துவிட்டுப் பழையபடி மாடி மாடியாக ஏறினார். பெரியம்மாவோ எங்கள் கண் முன்னால் உள்ளே போய், கதவை இழுத்து, 'டக்' என்று தாழ்ப்பாள் போடுவாள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பெரியப்பா கண்ணை மூடிக்கொள்வார். மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நான்கூட அவரைக் கேலி செய்தேன்.

அன்று மத்தியானம் கரண்ட் போயிருந்தது. வீட்டில்தான் இருந்தேன். எதிரே, "தரைத்தளம்!" என்று குரல் கேட்டது. இந்த நேரத்தில் என்ன குளியல் என்று சிரித்தேன். "முதல் மாடி!" என்றபோது அந்தக் குரல் உடைந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

பெரியப்பா குளியலறைக் கதவில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றார். ஒரு மாடி சொல்வார், காதை வைத்துக் கேட்பார், அடுத்த மாடி சொல்வார்.

"உள்ள இருக்கா. நான் கடைக்குப் போய்ட்டு வரதுக்குள்ள கரண்ட் போயிருக்கு. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாக்கறேன், பேசமாட்டேங்கறாம்மா."

நான் கதவை இரண்டு கையாலும் தட்டினேன். "பெரிம்மா! பெரிம்மா!" உள்ளே ஒன்றும் இல்லை. தண்ணீர்ச் சத்தம்கூட இல்லை. அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. அவளுடைய இன்ஹேலர் கூடத்து அலமாரியில் இருந்தது. காற்று அவ்வளவு சீக்கிரம் தீராது என்று படித்தவள்தான் நான். அந்த ரப்பரைப் பார்த்த பிறகு படித்ததெல்லாம் பறந்துவிட்டது. பெரியம்மா செத்துப்போய்விட்டாள் என்றே நினைத்தேன். தள்ளுகதவை வெறி பிடித்த மாதிரி இழுத்தேன், அது அசையவில்லை.

"இழுக்காத. தொங்கற கதவை இழுக்கக்கூடாது, தூக்கணும்" என்றார் பெரியப்பா. மண்டியிட்டுக் கதவின் அடியில் விரல்களை நுழைத்தார். "நீ அந்தப் பக்கம் பிடி. அவகிட்ட பேசிக்கிட்டே இரு, நிறுத்திடாத."

என்ன பேசினேனோ தெரியாது. இருவரும் தூக்கியதில் மேலே கதவு தண்டவாளத்தை விட்டு நழுவியது. கொக்கி மட்டும் பிடித்துக்கொண்டு நின்றது. அடிப்பக்கம் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குத்தான் வழி. அந்தக் கறுப்பைப் பார்த்ததும் பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் போறேன் பெரிப்பா."

"நீ கதவைத் தாங்கு. விழுந்தா அவ மேலதான் விழும்."

செல்போன் விளக்கை எடுத்துக்கொண்டு குனிந்து நுழைந்தார். எதிர்ச்சுவரிலிருந்து ஒரு கிழவன் விளக்கோடு அவரை நோக்கி வந்தான். பெரியப்பா அலறியே விட்டார். கண்ணாடி என்று புரிய எனக்கே ஒரு நொடி ஆயிற்று. அலறிக்கொண்டேதான் உள்ளே போனார், பின்வாங்கவில்லை.

இருட்டில் வழுக்கி விழுந்த பெரியம்மா தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். கால் ஆகாத விதத்தில் மடங்கியிருந்தது. கண் திறந்திருந்தது.

"வந்துட்டீங்களா" என்றாள் மெல்ல.

"ஏண்டி கத்தல? ஏண்டி கத்தல?" அவர் அழுதார்.

"நீங்கதானே சொல்லுவீங்க... மாட்டிக்கிட்டா கத்தக்கூடாது, மூச்சை மிச்சம் பிடிக்கணும், லிஃப்ட்காரர் வருவாருன்னு. நீங்க கூப்பிட்டதுக்கெல்லாம் மெதுவா பதில் சொல்லிக்கிட்டுத்தானே இருந்தேன்."

பழைய தகரக் கதவாக இருந்தால் அவள் தும்மினாலும் கேட்டிருக்கும். இந்த ரப்பர் அவள் சொன்ன அத்தனையையும் விழுங்கிவிட்டது.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் அவளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோன பிறகு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டுதான் பெரியப்பா சொன்னார். ஒருமுறை கரண்ட் போய், லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டதாம். உள்ளே அவரும், ஸ்ட்ரெச்சரில் ஒரு நோயாளியும், ஒரு நர்ஸும். இருட்டில் அந்த நோயாளி ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தார். "பேசாதீங்க சார், மூச்சை மிச்சம் பிடிங்க" என்றார் பெரியப்பா. அந்த ஆள் பேசுவதை நிறுத்திவிட்டார்.

"சொன்ன பேச்சைக் கேக்கறார்னு நெனச்சேம்மா" என்றார். "கதவு தெறந்து வெளிச்சம் வந்தப்பதான் தெரிஞ்சுது." அதற்குப் பிறகு அவர் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டதில்லை. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தை மாற்றிச் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை. மாற்றினால் ஏன் என்று கேட்போமே.

பெரியம்மா இடுப்பில் கம்பியோடு வீடு திரும்பினாள். தள்ளுகதவு போய்விட்டது. அது ஓடிய தண்டவாளத்தில் இப்போது கனத்த திரை தொங்குகிறது. திரையை விலக்கினால் கூடத்து வெளிச்சம் கண்ணாடியில் பட்டு, குளியலறை நிஜமாகவே பெரிசாகத் தெரிகிறது. ஆசைப்பட்டது இதைத்தான் என்று பெரியம்மா பெருமை பேசுகிறாள்.

இப்போது மாடி சொல்கிறவள் அவள்தான். உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து குளித்துக்கொண்டே, "முதல் மாடி! வாயாடிங்க வார்டு!" என்று என் காதில் விழும்படி கத்துகிறாள். வெளியே முக்காலியில் பெரியப்பா. மூன்றாவது மாடி சொன்னதும் அவள் வலிக்கிற காலைக் கையால் தூக்கி மாற்றி வைக்கவேண்டும். அதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும், அப்போது பேச முடியாது.

என் வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். அந்த நேரத்தில் பெரியப்பா எழுந்து நின்றுவிடுவார். கை திரையின் ஓரத்தைப் பிடித்திருக்கும், விலக்காது. உதடு மட்டும் அசையும்.

"நாலாவது மாடி!" என்று உள்ளேயிருந்து குரல் வந்த பிறகுதான் உட்காருவார்.