நடந்தது எதுவும் நடக்கவில்லை

எங்கள் விண்கப்பல்களுக்கு ஆறுகளின் பெயர்கள். குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, அரசலாறு என்று ஏழு கப்பல்கள். பிளஸ் டூ படிக்கையில், பாபநாசம் பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்த மாலைகளில், நானும் என் நண்பனும் ஆரம்பித்த கதை அது. பூமியில் தண்ணீர் தீர்ந்துபோய் டெல்டா ஜனங்கள் மொத்தமாக வேறு கிரகம் தேடிப் போகிறார்கள். ஆகாயத்துக்குப் போயும் தண்ணீரை முறை வைத்துத்தான் திறப்பார்கள். மூன்று நாள் குடமுருட்டிக்கு, மூன்று நாள் வெட்டாற்றுக்கு. முறை தவறினால் அடிதடி. அந்த அடிதடியை வைத்தே முதல் இரண்டு வருஷத்தை ஓட்டினோம்.

பிறகு நான் இயற்பியல் ஆசிரியர் ஆனேன். அவன் சவுதிக்குப் போய் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்தான். கதை நிற்கவில்லை. என் பெயரில் ஒரு வலைப்பூ தொடங்கி, ஒரு அத்தியாயம் நான், ஒரு அத்தியாயம் அவன் என்று எழுதினோம். அவன் வேலை முடிந்து வந்து கட்டிலில் படுத்தபடி செல்போனில் நேராகத் தட்டுவான். எங்கேயும் பிரதி வைக்கமாட்டான். சில நூறு பேர் விடாமல் படித்தார்கள். அவர்களில் சிலர் கிளைக்கதைகள் எழுதினார்கள். ஒருவர் அரசலாறு கப்பலுக்கு மட்டும் தனி வரலாறே எழுதினார். கதை வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து போய்க்கொண்டே இருந்தது.

நான் சிவப்பு மைப் பேர்வழி. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட எழுத்துப்பிழைக்குக் கீழே கோடு போட்டுவிட்டுத்தான் தேதியைப் பார்ப்பேன். எங்கள் கதையில் ஒரு கேப்டன் இரண்டு தடவை செத்திருந்தார். ஒரு கிரகத்துக்கு ஒரு வருஷம் இரண்டு நிலா, அடுத்த வருஷம் மூன்று. பத்து வயதுச் சிறுமி ஐந்து வருஷமாகப் பத்து வயதிலேயே இருந்தாள். பெரும்பாலும் அவன் எழுதிய பகுதிகளில்தான் இந்தக் கோளாறு. நான் பட்டியல் போட்டு அனுப்புவேன். "சரி மாப்ளே, பாக்குறேன்" என்பான். எதையும் மாற்றமாட்டான்.

அந்தச் சமயத்தில்தான் ஆடியோ தொடர்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். கதை பிரமாதம், ஆனால் புதிதாக வருகிறவர் எங்கே நுழைவது என்று கேட்டார்கள். ரீபூட் செய்யுங்கள், முதலிலிருந்து தொடங்குங்கள், பழைய கதை இணையத்தில் இருக்கக்கூடாது என்றார்கள். எனக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி இருந்தது. அத்தனை பிழைகளையும் ஒரே வீச்சில் ஒழித்துவிடலாமே!

அவன் அப்போது விடுமுறையில் வந்திருந்தான். என் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்காகத் திருக்கடையூர் வந்தவன், எங்கள் வீட்டுப் பிள்ளையாகப் பந்தி விசாரிக்கவும் செய்தான், வீடியோவும் அவன்தான் எடுத்தான். திரும்பி வரும் வழியில் காரில் பேச்சை எடுத்தேன்.

"புதுசா வர்றவங்க பாவம் மாப்ளே. நடுவுல ஏறுனா யாருக்கு என்ன புரியும்?"

"நடுவுல ஏறட்டும். நம்ம ஊரு பஸ்ல எல்லாரும் நடுவுலதான ஏறுறாங்க?"

நான் விடவில்லை. அன்றைக்குப் பார்த்த கல்யாணத்தையே எடுத்துக்காட்டாக்கினேன். அறுபது வருஷம் சுற்றி வந்து, அப்பா பிறந்த வருஷத்தின் பெயரே திரும்பவும் வருகிறது. அதனால்தான் அதே அம்மாவுக்கு மறுபடியும் தாலி கட்டுகிறார். நம் பஞ்சாங்கமே ரீபூட் செய்கிறது, நாம் செய்தால் என்ன என்றேன். பெரிய வாதம் என்று எனக்கே பெருமை.

அவன் செல்போனை எடுத்து, தான் பிடித்த வீடியோவை ஓட்டிக் காட்டினான். அம்மாவின் கழுத்தருகே நிறுத்தினான்.

"நல்லாப் பாரு. பழைய தாலியைக் கழட்டிட்டா கட்டுறாங்க? அது மேலதான கட்டுறாங்க?"

பெற்ற பிள்ளை எனக்குத் தெரியாதது, செல்போன் வழியாகப் பார்த்தவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கதைக்கும் தாலிக்கும் முடிச்சுப் போடாதே என்றேன். போட்டது நான்தான். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நாற்று நட்டு முடிந்த வயல்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

"உன் பேர்லதான இருக்கு. உன் இஷ்டம் மாப்ளே" என்றான்.

எங்கள் பக்கத்தில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், 'உன் இஷ்டம்' என்றால் 'வேண்டாம்' என்று அர்த்தம். என் மனைவி அதைச் சொன்னால் கடைக்குப் போகும் வழியிலேயே திரும்பிவிடுவேன். அன்றைக்கு மட்டும் அகராதியில் இருக்கிற அர்த்தத்தை எடுத்துக்கொண்டேன். எனக்கு அதுதான் வசதியாக இருந்தது.

அவன் சவுதி திரும்பிய வாரம் வலைப்பூவில் கடைசி அறிவிப்பைப் போட்டேன். "இதுவரை நடந்தது எதுவும் நடக்கவில்லை. இனிமேல்தான் கதை." இரண்டு நாள் கழித்து எல்லாவற்றையும் அழித்தேன். பிரதி எடுத்துக்கொள்ள வசதி இருந்தது. எடுக்கவில்லை. திருத்தி முடித்த பரீட்சைத் தாளை யார் சேர்த்துவைப்பார்கள் என்று நினைத்தேன்.

அவனிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. "நடக்கலைன்னா இந்த ஒன்பது வருஷமா நான் எங்க இருந்தேன் மாப்ளே?" வழக்கமான கிண்டல் என்று ஒரு சிரிப்புப் பொம்மையை அனுப்பினேன். அதன்பின் அவன் எழுதவேயில்லை. ஆடியோ தொடரை நான் தனியாக எழுதினேன். பிழையே இல்லை. கேட்க ஆளும் இல்லை. முப்பதாவது பகுதியோடு நிறுத்திவிட்டார்கள்.

போன மாதம் அவன் ஒரேயடியாக ஊர் திரும்பினான். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். டீயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான்.

"அந்தப் பிரசவ அத்தியாயம் மட்டும் எங்கயாவது கெடக்கா?"

எனக்கு உடனே ஞாபகம் வந்தது. குடமுருட்டியில் ஒருத்திக்குப் பிரசவம் ஆகிறது. புருஷன் வெட்டாறு கப்பலில் இருக்கிறான். குழந்தையின் அழுகை ரேடியோவில் அவனுக்கு வந்து சேர நாலு நிமிஷம் ஆகிறது. அந்த நாலு நிமிஷத்தை என் நண்பன் ஒரு அத்தியாயம் முழுக்க எழுதியிருந்தான். நான் கணக்குப் போட்டு அனுப்பினேன்: நீ சொல்கிற முப்பத்து மூன்று லட்சம் கிலோமீட்டருக்குப் பதினோரு விநாடிதான் ஆகும், திருத்து.

"எம்பொண்ணு கேக்குது மாப்ளே. 'நான் பொறந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க அத்தா?'ன்னு. வெட்டாறு கப்பல்ல இருந்தேன்னு சொன்னேன். எங்க, காட்டுங்கன்னுச்சு."

டீயை ஒரு வாய் குடித்துவிட்டுத் தொடர்ந்தான்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரிலேர்ந்து பேசிக்கிட்டே இருந்தாங்க, லைன் கட்டாயிடுச்சு. திரும்பக் கெடைக்க நாலு நிமிஷம். அதுக்குள்ள கொழந்த பொறந்துடுச்சு. உசுரோட இருக்கா, தாய் எப்படி இருக்கா, ஒண்ணும் தெரியாது. கெடங்குல பெட்டிகளுக்கு நடுவுல நின்னுக்கிட்டே இருந்தேன்."

அவன் திருத்தாமல் விட்டவை எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. இரண்டு தடவை செத்த கேப்டன், மூன்றாவது நிலா, வளராத சிறுமி. ஒவ்வொன்றுக்கும் அடியில் என்ன இருந்ததோ, நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அழித்துவிட்டேன், எங்கேயும் இல்லை என்று சொன்னேன். தலையை ஆட்டினான். தெரிந்துதான் கேட்டிருப்பான்.

"எனக்கு முழுக்க ஞாபகம் இருக்குடா. நான் எழுதித் தர்றேன், பாப்பாகிட்ட குடு" என்றேன்.

அவன் காலி டம்ளரைக் கீழே வைத்தான். முகத்தில் கோபமே இல்லை.

"நீ எழுதுனா பதினோரு செகண்டுன்னு எழுதுவ மாப்ளே. அது சரியாத்தான் இருக்கும்" என்றான்.