கதவு நிறத்தில் நாலு சுவர்

யுத்த காலத்தில் நானும் என் கணவரும் கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஓர் அறையில் நாலு வருடமாக வாடகைக்கு இருந்தோம். இருந்தோம் என்று எப்படிச் சொல்வது? கனடா விசாவைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பலரும் அப்படித்தான். சூட்கேசை முழுதாக அவிழ்ப்பதில்லை, சுவரில் ஆணி அடிப்பதில்லை. எங்கள் பிள்ளையார் படம்கூடக் கதிரையில்தான் சாய்ந்திருந்தது. "போற இடத்திலை வடிவா வைப்பம்" என்பார் கணவர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சுவருக்கு வெறும் சுண்ணாம்புதான். உப்புக் காற்றில் உதிரும். சாய்ந்தால் முதுகெல்லாம் வெள்ளை. அந்த முதுகோடுதான் பம்பலப்பிட்டிக் கந்தோருக்குப் போவேன். ஒருநாள் என்னுடன் வேலை செய்தவள் முதுகைத் தட்டிவிட்டபடியே, "நீங்கள் எப்ப கனடாவுக்கு வெளிக்கிடுறியள்?" என்று கேட்டாள். அன்று மாலையே காலி வீதிக் கடைக்குப் போய்க் கடும் மண்ணிறப் பெயின்ற் கேட்டேன்.

"கதவுக்கோ?" என்றார் கடைக்காரர்.

"சுவருக்கு. நாலு சுவருக்கும்."

"பிறகு வெள்ளையடிச்சாலும் உள்ளுக்கிருந்து காட்டும், தங்கச்சி."

அதைத்தானே தேடி வந்தேன்.

சனிக்கிழமை முழுக்கச் சுண்ணாம்பைச் சுரண்டிச் சுரண்டிப் பூசினேன். வெளியே போய்வந்த கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "உமக்கென்ன விசரோ? இண்டைக்கோ நாளைக்கோ போற சனம் நாங்கள்."

"நாலு வருசமா இதைத்தான் சொல்லுறியள்."

மேல்மாடியிலிருந்த வீட்டுக்கார அன்ரி மணம் தாங்காமல் இறங்கி வந்தார். "என்ன பிள்ளை, அறையைப் புகைக்கூடாக்கிப் போட்டீர்? போகேக்கை வெள்ளையடிச்சுத் தரவேணும்."

"போனால்தானே, அன்ரி."

அறை இருண்டுதான் போனது. பட்டப்பகலில் லைட் போட வேண்டியிருந்தது. அதற்காக நான் ஒத்துக்கொள்வேனா? எனக்கு வடிவாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை பொலிஸ் பதிவு பார்க்க வந்தது. தமிழர் வீடுகளில் இது வழக்கம். யார் இருக்கிறார்கள், ஏன் வந்தார்கள் என்று துவக்கோடு வந்து கேட்பார்கள். கடைசியில் சிங்களத்தில் "கவதாத யன்னே?" எப்போது போகிறீர்கள்? கணவர் ஒவ்வொரு முறையும் குழைந்து சிரித்து, "இக்மனட்ட, மாத்தியா" என்பார். சீக்கிரம், ஐயா. அந்தச் சிரிப்பை நான் வெறுத்தேன். சொந்த நாட்டில் ஒரு அறையில் இருப்பதற்கு நாங்கள் எதற்கு மன்னிப்புக் கேட்பதுபோல் சிரிக்க வேண்டும்?

அன்று அவர் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "யன்னே நே. மெஹே தமா இன்னே." போகவில்லை, இங்கேதான் இருக்கிறோம். குரலை நடுங்க விடவில்லை. பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், விரலால் தொட்டுப் பார்த்தார். இன்னும் காயவில்லை. விரலைத் துடைத்துக்கொண்டு ஏதோ எழுதினார். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

கணவர் கதவைச் சாத்தினார். முகத்தில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "நாளைக்கு விசா வந்தால் என்ன செய்வீர்?"

"நீங்கள் போங்கோ. நான் இஞ்சைதான் இருப்பன்."

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, அதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று.