செல்வியின் கையில் வைத்த தகடு

"யோவ், வண்டி ரிப்பேருன்னு யாருகிட்ட நடிக்கிற?" என்று கத்தி, முருகேசன் என் சட்டைக் காலரைப் பிடித்தார். அவருடைய அக்கா செல்வி என் காரின் பின்சீட்டில் கிடந்தார். முந்திரிக்கொட்டை பொறுக்கும்போது கண்ணாடிவிரியன் கடித்துவிட்டது. கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது. தோப்பில் வேலை செய்த அத்தனை பேரும் காரைச் சுற்றி நின்றார்கள். அவர்கள் கண்ணுக்கு நான் கொலைகாரன்.

இது நடந்தது 2006-ம் வருடம், சித்திரை மாதம், ஆண்டிமடம் பக்கம். அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. எட்டாவது வரை படித்தவன். பெரம்பலூரில் ஒரு முதலாளியிடம் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால்தான் அம்மன் அடியார்களாகிய உங்களுக்கு எழுதித் தருகிறேன்.

அன்று ஒரு முந்திரி வியாபாரியைக் கூட்டிப் போயிருந்தேன். என்னை மரநிழலில் நிறுத்திவிட்டு, தரகருடைய பைக்கில் ஏறி அவர் அடுத்த தோப்புக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் செல்வியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். என்னைக் கேட்கவில்லை. கதவைத் திறந்து உள்ளே படுக்க வைத்தார்கள். ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரிக்கு விடு என்றார்கள்.

சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. அது திருட்டைத் தடுக்கும் ஏற்பாடு. சாவித் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. வண்டி அதை அடையாளம் கண்டால்தான் பூட்டு விடுபட்டு இன்ஜின் ஓடும். மூன்று வாரமாக அது மக்கர் செய்துகொண்டிருந்தது. சில நேரம் இரண்டாவது தடவை எடுக்கும், சில நேரம் ஐந்தாவது தடவை. வண்டியை வழக்கமாகப் பார்க்கும் அரியலூர் மெக்கானிக்தான் எதையோ கெடுத்துவிட்டார் என்று போகிற இடமெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். வண்டி எடுக்கவில்லை என்றதும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. கடிபட்டவன், அடிபட்டவன் யாரையும் ஏற்றக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. புதுக் கார். செத்துவிட்டால் போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டும். வேலையும் போய்விடும். 'நான் என்ன செய்ய, வண்டி ஓடவில்லை' என்று சொல்லிக்கொள்ள ஒரு வழி கிடைத்தது.

"நம்ம கையில இருக்குற முந்திரிப்பழச் சாறு சீட்டுல பட்டா கறை போவாதுல்ல, அதான் அய்யாவுக்கு வண்டி ஓடல" என்றார் ஒரு அம்மா.

"இதே முதலாளி வூட்டுப் பொண்ணா இருந்தா பறக்கும்" என்றார் இன்னொருவர்.

"இல்லைங்க, நெசமாவே லாக் ஆயிருச்சுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. முருகேசன் ஒரு முந்திரிக் கட்டையை எடுத்துக்கொண்டார். நான் திரும்பத் திரும்பச் சாவியைத் திருப்பினேன். பேட்டரி இறங்கத் தொடங்கி, மோட்டார் முனகியது.

பின்னால் திரும்பிப் பார்த்தேன். செல்வியின் பல் ஈறில் ரத்தம். "அண்ணே, எம்புள்ள வூட்ல தனியா இருக்கு. போயிருவோம்ண்ணே" என்றார். தன்னை ஏற்ற மனமில்லாதவனை அண்ணன் என்று கூப்பிட்டார்.

சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். "ஆத்தா, இவங்க சொல்றது சரிதான். வண்டி எடுக்கலன்னதும் சந்தோசப்பட்டேன். பயந்தாங்கொள்ளி நான். என்னை எது வேணா பண்ணு. இந்தப் புள்ளைய விட்டுராத" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சாவி வளையத்தில் ஒரு செப்புத் தகடு கட்டியிருந்தேன். மழையில் ஒருமுறை வண்டி வழுக்கி உயிர் தப்பிய பிறகு, எனக்கு ஆபத்து வரக் கூடாது என்று அம்மன் கோயிலில் மந்திரித்து வாங்கியது. மூன்று வாரத்துக்கு முன்புதான், ஆடாமல் இருக்கட்டும் என்று சாவித் தலையோடு ஒட்டி, சிவப்புக் கயிற்றால் இறுக்கியிருந்தேன். அந்தக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தேன். தகட்டைச் செல்வியின் உள்ளங்கையில் வைத்து மூடினேன். "தாயி, இது இப்ப உனக்குத்தான் வேணும்" என்றேன்.

சாவியைப் போட்டுத் திருப்பினேன். சிவப்பு விளக்கு அணைந்தது. இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"பாத்தியா, கட்டைய எடுத்ததும் வண்டி ஓடுது!" என்று முருகேசன் என் முதுகில் ஒரு குத்து விட்டு முன்சீட்டில் ஏறினார். ஜெயங்கொண்டம் போகும் வரை திட்டிக்கொண்டே வந்தார். நான் "ஆத்தா, ஆத்தா" என்று மட்டும் சொல்லிக்கொண்டு ஓட்டினேன்.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டரம்மா சொன்னார். ஒன்பதாம் நாள் செல்வி நடந்து வீட்டுக்குப் போனார்.

செல்வியை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாளே மெக்கானிக்கிடம் நடந்ததைச் சொல்லியிருந்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "சிப்பு மேல செப்புத் தகட்டைக் கட்டி வச்சா வண்டிக்கு எப்புடிய்யா தெரியும்? இதுக்கா ஊரெல்லாம் என் பேரைக் கெடுத்த?" என்று கையில் இருந்த ஸ்பேனரை வீசி எறிந்தார். அவர் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன்.

அவர் சொன்னது உண்மை. ஆனால் நான் சிப்புக்காகத் தகட்டை அவிழ்க்கவில்லை. எனக்கு அது தெரியவே தெரியாது. என் உயிருக்காகக் கட்டி வைத்ததை வேறொரு உயிருக்குக் கொடு என்று அந்த நிமிடம் என்னைத் தூண்டியது யார்? மூன்று வாரமாக வராத புத்தியை அப்போது தந்தது யார்? அவள்தான்.

முதலாளி சீட்டில் இருந்த கறையைப் பார்த்தார். கண்டபடி பேசி அன்றே சாவியை வாங்கிக்கொண்டார். இரண்டு மாதம் வேலை இல்லை. இப்போது அரியலூரில் ஒரு பழைய வேன் ஓட்டுகிறேன். ரோட்டில் யார் கை காட்டினாலும் நிறுத்துகிறேன். முருகேசன் ஒருநாள் ஸ்டாண்டுக்குத் தேடி வந்தார். "அக்கா சோறாக்கி வச்சிருக்கு. வரச் சொல்லுச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் போனேன்.

அம்மன் அடியார்களே, வேண்டும்போது நல்லவர்களைப் போல் வேண்டாதீர்கள். மனசில் இருக்கும் அழுக்கை அப்படியே அவளிடம் சொல்லுங்கள். அவளுக்கு அருவருப்பு கிடையாது. என்னைப் போன்றவன் கூப்பிட்டதற்கே வந்தாள்.