அப்பா உள்ளே போகாத கோயில்

என் தகப்பனார் வரதராஜா ஒரு கட்டடத்தைப் பார்க்கப் போனால் முதலில் அதைச் சுற்றி நடப்பார். ஒரு காலின் குதி மற்றக் காலின் நுனியில் முட்டும்படி, இடைவெளி விடாமல் அடி வைப்பார். அவருடைய சப்பாத்து இருபத்தொன்பது சென்ரிமீற்றர். அடிகளை எண்ணிப் பெருக்கினால் சுவரின் நீளம் வந்துவிடும். அதற்குப் பிறகுதான் அளவு நாடாவைக் கையில் எடுப்பார். இரண்டு கணக்கும் ஒரு சாணுக்கு மேல் வேறுபட்டால் நாடாவைத்தான் சந்தேகப்படுவார்.

அவர் போய் இன்றோடு நாற்பது நாள். அவரைப் பற்றி எழுதப் பெரிய விசயம் எதுவும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தேன். யாழ்ப்பாணத்தில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் ஆறு வருடம் படவரைஞராக இருந்தார். எண்பத்தெட்டில் அம்மாவையும் இரண்டு வயதுக் குழந்தையாக இருந்த என்னையும் கூட்டிக்கொண்டு சிட்னிக்கு வந்தார். மூன்று வருடம் கிடைத்த வேலையெல்லாம் செய்துவிட்டு, பரமட்டாவில் ஒரு சிறிய பொறியியல் அலுவலகத்தில் சேர்ந்தார். பழைய கட்டடம் ஒன்றை இடிப்பதற்கோ மாற்றுவதற்கோ முன்னர், அது இப்போது எப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு வரைபடம் வேண்டும். அதை வரைவதே அவர் தொழில். இருபத்தாறு வருடம் அதைச் செய்தார். புதிதாக ஒரு கொட்டிலைக்கூட அவர் வடிவமைத்ததில்லை.

கோணிய சுவரை அவர் கோணலாகவே வரைவார். கூட வேலை செய்த இளம் ஆட்கள் கணினியில் அதை நிமிர்த்திவிடுவார்களாம். அவர் திரும்ப வளைத்து வைப்பாராம். வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இதைச் சொல்லிச் சலித்துக்கொள்வார்.

பரமட்டா நூலகத்தில் ஒரு மத்தியானம் அவர் ஒரு தரைப்படத்தைப் பார்த்தார். சிசிலித் தீவின் கரையில் உள்ள சிரக்கூசா நகரத்தின் தேவாலயம். சுவரைக் காட்டும் கோட்டுக்குள் வரிசையாகக் கறுப்பு வட்டங்கள் இருந்தன. கிரேக்கர் கட்டிய அதீனா கோயிலின் தூண்கள் அவை. ஆயிரத்துச் சொச்சம் வருடம் கழித்து வந்தவர்கள் தூண்களை இடிக்காமல், இடைவெளிகளை மட்டும் கல்வைத்து அடைத்துத் தேவாலயம் ஆக்கிவிட்டார்கள். நடுவில் அராபியர் வந்து பள்ளிவாசலாகவும் வைத்திருந்தார்கள். அந்தப் படத்தை அவர் நகலெடுத்துக்கொண்டு வந்து எங்கள் ஹோம்புஷ் வீட்டுக் குசினியில், அடுப்படிக் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினார்.

“எங்கட ஊரைப் பிடிச்ச வெள்ளைக்காரர் கோயிலை இடிச்சுப்போட்டு அந்தக் கல்லில வேற கட்டினவை. இவங்கள் நிண்டதை நிண்டபடி விட்டிட்டுக் கட்டியிருக்கிறாங்கள். இதைக் கண்ணால பாக்கவேணும்” என்றார்.

அம்மாவுக்கு அந்தப் படத்தில் ஒரு ஈடுபாடும் இல்லை. போன செப்ரெம்பரில், அப்பாவுக்கு எழுபத்தொரு வயதில், பயணம் சரிவந்தபோது முழங்கால் நோவைச் சொல்லி நின்றுகொண்டார். “அந்தாள் கல்லைத் தடவிக்கொண்டு நிக்கும். நான் அதைப் பாத்துக்கொண்டு நிக்கவோ? நீ போட்டு வா பிள்ளை” என்றார். நான் மெல்பேணில், கிளேட்டனில் இருக்கிறேன். கணவரிடமும் வேலையிடத்திலும் பத்து நாள் கேட்டு வாங்கிக்கொண்டு அப்பாவோடு போனேன்.

சிரக்கூசாவின் பழைய பகுதி ஒரு சின்னத் தீவு. பாலத்தைக் கடந்தால் முதலில் அப்பொல்லோ கோயிலின் இடிபாடு, அதன் பின்னால் மீன் சந்தை. வீதிகள் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்க மட்டும் அகலமானவை. கல்லெல்லாம் வெளிறிய மஞ்சள். அப்பா முதல் நாளே பெரிய தேவாலயத்துக்குப் போகவில்லை. விருந்தில் பாயாசத்தைக் கடைசிக்கு வைப்பதுபோல் அதை ஒதுக்கி வைத்தார். தீவின் ஓரமாக நடந்தோம். நாணல் வளர்ந்த நன்னீர்க் குளத்தைப் பார்த்தோம். முனையில் இருக்கும் கோட்டை வரை போனோம். போகிற வழியில் பிடித்த வாசல் எதைக் கண்டாலும் அடி வைத்து அளந்தார். ஒரு சந்தில் தலையைக் குனிந்து, காலோடு கால் முட்ட அவர் நடப்பதைக் கண்ட ஒரு கடைக்காரப் பெண், தலைச்சுற்று என்று நினைத்துக் கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அப்பா மறுக்கத் தெரியாமல் அதில் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு, நன்றி சொல்லி எழும்பி, விட்ட அடியிலிருந்து எண்ணத் தொடங்கினார்.

இரண்டாம் நாள் காலை ரொறன்ரோவிலிருந்து செய்தி வந்தது. அப்பாவின் தமையன், என் பெரியப்பா சிறிதரன், நித்திரையிலேயே போய்விட்டார். நாங்கள் எப்படி ஓடினாலும் செத்தவீட்டுக்குப் போய்ச் சேர முடியாது என்று பெரியப்பாவின் பிள்ளைகளே கணக்குப் பார்த்துச் சொன்னார்கள். மறுநாள் ஹோட்டல் அறையில் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, என் போனில் கிரியைகளைப் பார்த்தோம். தகனத்துக்கு எடுக்கும்போது படம் இரண்டு தரம் நின்றுவிட்டது. முடிந்ததும் அப்பா எழும்பினார். குளித்துவிட்டு வந்து, “முப்பத்தொரு நாள்” என்றார்.

எங்கள் ஆட்களுக்கு இது தெரியும். இரத்த உறவில் ஒருவர் போனால் அந்தக் குடும்பத்தவருக்குத் துடக்கு. முப்பத்தொரு நாள் கோயிலுக்குள் போக மாட்டார்கள். அப்பா மற்றபடி பெரிய பக்திமான் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் மீன் மச்சம் சாப்பிட்டு அம்மாவிடம் பேச்சு வாங்குபவர். ஆனால் துடக்கில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். காரணம் எனக்குத் தெரியும். தொண்ணூற்றைந்தில், சண்டையில் ஊரே இடம்பெயர்ந்தபோது, அப்பாவின் தகப்பன், என் அப்பப்பா, வழியில் எங்கோ இறந்தார். செய்தி சிட்னிக்கு வர ஏழு கிழமை, ஏறக்குறைய ஐம்பது நாள், ஆனது. கொள்ளி வைக்கவும் ஆளில்லை, அழவும் ஆளில்லை. செய்தி வந்த நாளிலிருந்து அப்பா முப்பத்தொரு நாள் எண்ணினார். தூரத்திலிருந்து செய்யக்கூடியதாக அவருக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

சிட்னிக்குத் திரும்ப இன்னும் மூன்று நாள் இருந்தது. இருபது வருடமாகக் குசினிச் சுவரில் இருந்த கட்டடம் நாங்கள் தங்கியிருந்த இடத்திலிருந்து நானூறு மீற்றர். இனி ஒருமுறை இவ்வளவு தூரம் வரும் உடம்பு அவருக்கு இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மருந்துப் பெட்டி என் பையில்தான் இருந்தது.

அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அவர், “உனக்குத் துடக்கில்லைப் பிள்ளை. நீ கலியாணம் முடிச்சு வேற குடும்பம். நீ போகலாம். அந்தாள் போகாது, கெஞ்சாத” என்றார். வேறு குடும்பம் என்ற சொல் எனக்கு எப்போதும் குத்தும். அன்று குத்தவில்லை.

அடுத்த நாள் காலை தேவாலயம் இருக்கும் சதுக்கத்துக்குப் போனோம். முகப்பு பிற்காலத்தது. பூகம்பத்தில் விழுந்ததை எடுத்துத் திரும்பக் கட்டியது. அப்பா அதை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, இடதுபக்கத்து ஒடுங்கிய வீதிக்குத் திரும்பினார். அங்கேதான் தூண்கள் சுவரிலிருந்து பாதி வெளியே பிதுங்கி நிற்கின்றன. இரண்டு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். அப்பா ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே நடந்தார். கடைசியில் நின்று, “வெளிப்பக்கம் காணும்” என்றார். ஆனால் அது போதவில்லை என்பது அவர் குரலில் தெரிந்தது.

நான் வழியில் ஒரு வாதம் தயார்செய்து வைத்திருந்தேன்.

“அப்பா, உள்ளுக்குப் போக ரிக்கற் எடுக்கவேணும். காசு குடுத்துப் போற இடம் கோயில் இல்லை, மியூசியம். மியூசியத்துக்குத் துடக்கில்லை.”

அவர் சிரித்தார். தமையன் போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. “நல்லூர்க் கோயிலிலயும் செருப்பு வைக்கக் காசு குடுக்கிறனாங்கள்” என்றார். பிறகு வாசல் பக்கம் பார்த்தார். “சரி. நீ போய்ப் பார். ஒருத்தரும் கும்பிடேல்லை எண்டால் மியூசியம். நான் வாறன். கும்பிடுகினம் எண்டால் விடு.”

என்னிடம் இதை ஒப்படைத்துவிட்டு அவர் படிக்கட்டில் இருந்துகொண்டார்.

உள்ளே குளிர்ந்திருந்தது. கல்லின் நிறம் மட்டும்தான், அலங்காரம் குறைவு. சுற்றுலாக்காரர் பத்துப் பதினைந்து பேர் போனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இருந்து கும்பிடும் மர வாங்குகளில் ஒருவரும் இல்லை. எனக்கு நெஞ்சு ஆறியது. அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் அப்பாவின் மகள் அல்லவா, ஒரு சுற்று நடந்து முடிக்காமல் வர மனம் ஒப்பவில்லை. வலதுபக்கத்து நடையால் போனேன். அங்கே ஒரு சிறு பீடத்துக்கு முன்னால், அறுபது வயது மதிக்கக்கூடிய ஒரு பெண் முழந்தாளில் நின்றாள். பக்கத்தில் தரையில் சந்தைப் பை, அதிலிருந்து கீரைக்கட்டு ஒன்று வெளியே தலைநீட்டிக்கொண்டிருந்தது. அவளுடைய உதடுகள் அசைந்தன.

நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று காத்திருந்தேன். காத்திருந்தேன் என்று சொல்வதைவிட, அவள் எழும்பிப் போகவேண்டும் என்று அவளுடைய கடவுளிடமே கேட்டுக்கொண்டு நின்றேன் என்பதுதான் சரி. கால் மணித்தியாலம் இருக்கும். கடைசியில் அவள் நெற்றியையும் நெஞ்சையும் தொட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சுற்றிவரப் பார்த்தேன். இப்போது உண்மையிலேயே ஒருவரும் கும்பிடவில்லை.

வாசலுக்கு வருவதற்குள், ‘ஒருவரும் இல்லை’ என்று மட்டும் சொல்வதென முடிவெடுத்திருந்தேன். வெளியே வந்ததும் அப்பா எழும்பி நின்றார். சேட்டின் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு, உள்ளே வரத் தயாராக நின்றார். அந்த முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பையையும் கீரைக்கட்டையும்கூடச் சொன்னேன்.

“ஆனா இப்ப ஒருத்தரும் இல்லையப்பா. அவ எழும்பிப் போட்டா. இப்ப வந்தீங்கள் எண்டால் சரி.”

“அவ எழும்பிப் போனால் கோயிலும் கூடப் போயிடுமோ?”

அவர் திரும்பப் படியில் குந்திக்கொண்டு, போட்ட பொத்தானைக் கழற்றினார். பிறகு காற்சட்டைப் பையிலிருந்து கொப்பியை எடுத்தார். “உன்ர கால் எத்தினை சென்ரிமீற்றர்?” என்று கேட்டார்.

அன்று மத்தியானம் வரை நான் அவருக்காக உள்ளே அளந்தேன். சுற்றுலாக்காரர் விலகி வழிவிட்டார்கள். காவலர் ஒருவர் இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். அப்பா வெளியே, பக்கத்து வீதியில். போன் இரண்டு பேரின் காதிலும்.

“முகப்பிலயிருந்து மூண்டாவது தூண். கை வைச்சிட்டியோ?”

“ஓம்.”

“நானும் அதிலதான். உள்ளுக்கு எப்பிடி, மினுக்கமோ?”

“ஓமப்பா. வழுவழுப்பாக் கிடக்கு. ஆக்கள் தொட்டுத் தொட்டு.”

“இங்க பொரிஞ்சு போய்க் கிடக்கு. கடல் காத்து. ஒரே தூண், என்ன.”

பிறகு அவர் மூச்சுவிடும் சத்தம் மட்டும் போனில் கேட்டது. நான் கையை எடுக்கவில்லை. அவரும் எடுத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

ஏழு மாதம் கழித்து, ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமையில், அவர் சிரக்கூசாவைப் பற்றிப் பேசவில்லை. நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் நினைக்கிறேன். ஒருவரும் இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். உள்ளே வந்திருப்பார். அந்த நிமிடத்தில் அது பொய்யும் இல்லை. இருபது வருடம் ஆசைப்பட்ட மனிதனுக்கு அதைச் செய்யாமல் விட்டதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

அன்று அளந்து முடித்து நான் வெளியே வந்தபோது அவர் படியில் கொப்பியை முழங்காலில் வைத்து வரைந்துகொண்டிருந்தார். என் அடிகளை அவர் அடிகளாக மாற்றி, தூண்களை ஒவ்வொன்றாக வட்டமிட்டு வைத்திருந்தார். வெளி அகலத்திலிருந்து உள் அகலத்தைக் கழித்துச் சுவரின் கனத்தையும் கண்டுபிடித்திருந்தார். தலை நிமிராமல், “அந்த மனிசி எந்த இடத்தில முழந்தாளில நிண்டவ?” என்று கேட்டார்.

வலதுபக்கத்து நடையில், நடுவுக்குக் கொஞ்சம் முன்னால் விரலை வைத்துக் காட்டினேன். அவர் பென்சிலைக் கூராக்கிக்கொண்டு, அந்த இடத்தில், தூண்களைவிடச் சிறிதாக, ஒரு வட்டம் வரைந்தார்.